வயர் எட்டாத பக்கம்

கருவிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவம் எதையாவது எழுதித் தரும்படி நமது விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டார்கள். வெப்ப சென்சரை எப்படிப் பொருத்துவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் பெட்டியோடு வருகிற சின்னப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன். இதைப் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நீங்களும் பார்ப்பீர்கள், எனக்குப் பழகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர் ஒரு முசுடு. சேர்ந்த புதிதில் கலேவெலயில் ஒரு விதை வெங்காயக் களஞ்சியத்துக்கு என்னை அனுப்பினார். பின்னேரமானால் அங்கே சூடு ஏறுகிறது, வெங்காயம் பாழாகிவிடும் என்று ஒரே கூக்குரல். போய்ப் பார்த்தால் சென்சரைக் கூரைத் தகரத்துக்குக் கீழே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே வெங்காயம் தன்பாட்டில் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. திரும்பி வந்து, "சென்சர் பொய் சொல்லுது சேர்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அது பொய் சொல்லல. தகரம் சுடுதுன்னு சொல்லியிருக்கு. தகரத்துல வெச்சிட்டு வெங்காயத்தப் பத்திக் கேட்டது நீங்க. சாட்சி சொல்ல வந்தவன்கிட்ட முதல்ல எங்க நின்னு பாத்தேன்னு கேக்கணும்."

அது சுகமான தவறு. இல்லாத சூட்டைக் காட்டியது, ஆணியைப் பிடுங்கி இடம் மாற்றினோம், முடிந்தது. இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கருவி சொல்லும். அதுவும் உண்மையைத்தான் சொல்லும். அப்படிப்பட்ட ஒன்றுக்குள் நான் கால் வைத்தது ரத்தோட்டைக்கு மேலே.

ரசாயன உரம் கிடைக்காமல் கமக்காரர்கள் தலையில் கை வைத்திருந்த காலம் அது. எல்லோரும் கூட்டெரு, கூட்டெரு என்று ஓடினார்கள், எங்கள் நிலையமும் சேர்ந்து ஓடியது. தம்புள்ளைச் சந்தையில் மிஞ்சி அழுகும் மரக்கறியை லொறியில் ஏற்றி, வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஸ்டோருக்குள் கொட்டி, மரத்தூளும் கோழி எருவும் கலந்து ஒரு பெரிய குவியல் போட்டார்கள். உள்ளே சூடு எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை. கூட்டெரு தானாகச் சூடாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூடு அளவு மீறினால், யாரும் தீ வைக்காமலே நடுவில் கங்கு பிடித்துக்கொள்ளும். வெளியே நெருப்பு தெரியாது. பல நாள் வரைக்கும் புகைகூடக் கண்ணில் படாது.

பொறுப்பாக இருந்தவன் சுதாகர். பல்கலைக்கழகம் முடித்து வந்த உக்குவளைப் பையன், கெட்டிக்காரன். ஒவ்வொரு கிழமையும் எனக்கு வரைபடம் அனுப்புவான். சூடு பதவிசாக ஏறி, கொஞ்ச நாள் அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல அவ்வளவு அழகு. எனக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. அழுகிய கோவா இலையும் கோழி எருவும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, சென்சர் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"குவியலுக்குள்ளதான் மிஸ்."

"குவியலுக்குள்ள எங்க?"

அவன் பிளக் இருக்கிற இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். நான் வாகனம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். மழை தூறிக்கொண்டிருந்தது, மலையிலிருந்து பனி இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வாசல்வரை வந்து நின்றது. அந்தத் தோட்டத்தில் ஸ்டோரும் லயமும் ஒரே நீளக் கட்டடம். வரிசையாக லயத்து வீடுகள், அந்த வரிசையின் கடைசியில் ஒட்டினாற்போல ஸ்டோர். ஸ்டோரின் பின்சுவர்தான் லயத்தின் கடைசி வீட்டுக்கும் சுவர். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது அந்தக் கூரையைத்தான். தகரம் முழுக்க நனைந்து கறுத்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோரின் பின்சுவர்ப் பக்கம் மட்டும் ஒரு பாய் அளவுக்குத் தகரம் காய்ந்திருந்தது. அதன்மேல் மழை விழுந்தது. விழுந்தது தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அந்தக் காய்ந்த இடம் ஸ்டோரோடு நிற்காமல் கடைசி வீட்டின் கூரைமேலும் கொஞ்சம் போயிருந்தது. அதிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பிப் பனியோடு கலந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அப்படி ஓர் அமைதி. 

ஸ்டோருக்குள் போனேன். பதிவுப் பெட்டி கதவுக்குப் பக்கத்தில் தொங்கியது, ஏனென்றால் பிளக் அடிக்கும் இடம் அங்கேதான் இருந்தது. பெட்டியிலிருந்து வயர்கள் புறப்பட்டு, கதவுப் பக்கத்துக் குவியலுக்குள் வரிசையாக இறங்கின. கதவுக்கு அடியால் வருகிற காற்று என் காலில் சில்லென்று பட்டது. குவியலின் மறுபாதி பின்சுவரோடு சாய்ந்து இருட்டுக்குள் கிடந்தது.

"இந்தப் பக்கம் ஏன் ஒண்ணுமே இல்ல, சுதாகர்?"

"வயர் எட்டல மிஸ்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த வயர் கம்பனியிலிருந்து வரும்போதே ஒரு நீளத்தில் வரும். கண்ட வயரை வெட்டி ஒட்டினால் அளவு பிசகும் என்று நாங்கள்தான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறோம். பையன் சொன்னபடி கேட்டிருக்கிறான். இந்த நாட்டில் எத்தனையோ சென்சர்களுக்கு இடம் குறித்தது விஞ்ஞானம் இல்லை, வயரின் நீளமும் பிளக் இருக்கிற இடமும்தான்.

"அந்தச் சுவருக்கு அங்கால யார் இருக்காங்க?"

"ராக்கம்மா வீடு மிஸ். மருமகளுக்குப் பிள்ளை பொறந்து இன்னும் தீட்டுக் கழியல. மகன் தம்புள்ளையில லொறிக்கு மூட்டை ஏத்துறாரு." அவன் சிரித்தான். "அந்த வீட்டுல காத்துக் கருப்பு இருக்குன்னு லயமே பேசுது மிஸ்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராக்கம்மா இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன் விறாந்தையில், குந்தியிருந்தார். கதவு நிலையில் வேப்பிலை, ஒரு பழைய செருப்பு. காற்று வருகிற ஓட்டை எல்லாவற்றிலும் சாக்கு அடைத்திருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணி மணம் வந்தது. நான் படியில் கால் வைத்ததும் கையை நீட்டி மறித்தார்.

"தீட்டு வீடு மிஸ். உள்ள வராதீங்க."

"வரல. மருமக எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குறா. பெத்த ஒடம்புக்குச் சூடு வேணும்ல, அந்தச் செவுரு ஓரமாப் போட்டிருக்கோம். சாமி புண்ணியத்துல செவுரே கதகதன்னு இருக்கு."

"கரி நெருப்பு ஏதும் உள்ள வெச்சிருக்கீங்களா?"

"செவுரே சூடு குடுக்குது, நெருப்பு எதுக்கு மிஸ்?"

"பிள்ளை?"

"அது அழுவுறதே இல்ல மிஸ். பொறந்தப்ப அப்படிக் கத்திச்சு. இப்ப நல்ல புள்ள. பாலுக்குக்கூட எழும்ப மாட்டேங்குது."

அவர் பெருமையாகச் சொன்னார்.  வேறென்ன நடக்கிறது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு குரலைத் தாழ்த்தினார். பொழுது சாய்ந்தால் உள்ளே யாரோ வந்து கால்மாட்டில் நிற்பதாக மருமகள் சொல்கிறாளாம். நடக்கிற சத்தம் இவருக்கும் கேட்டிருக்கிறதாம். "நான் உள்ள போனாத் தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது மிஸ். வெளிய பீலியில தண்ணி புடிக்கப் போனா விட்டுடுது. திரும்ப உள்ள போனா திரும்ப இடிக்குது. அது என்னை உள்ள வரக் கூடாதுங்குது." அதனால்தான் சாக்கு, அதனால்தான் உள்கதவையும் சாத்தி வைத்திருக்கிறார். அது வரவர இவர் இன்னும் இறுக்கி அடைத்திருக்கிறார்.

வீட்டுக்குள் போனால் தலை இடிக்கிறது, வெளியே வந்தால் விடுகிறது. பிள்ளை அழுவதில்லை. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. உள்ளே கங்கு பிடித்தால் கிளம்புகிற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இடைச்சுவருக்கு மேலால் இறங்கி அறைக்குள் தங்கும். மூச்சில் ஏறினால் முதலில் தலைவலி, பிறகு நல்ல தூக்கம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும், பிறகு ஒன்றுமே தெரியாது.

சுதாகர் என் பின்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "மிஸ், எல்லாச் சென்சரும் நல்லாத்தானே காட்டுது? கொஞ்சம் பொறுங்க. வயர எப்படியாவது ஒட்டி அந்தப் பக்கம் இறக்குறேன். அளந்துட்டுச் சொல்லுவோம். நாம சொல்றது பிழையாப் போனா என்ன பண்றது?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பெற்ற உடம்பையும் பச்சைப் பிள்ளையையும் தீட்டுக் கழியுமுன் கொட்டும் மழையில் வெளியே இழுத்துப் போட்டு, பிறகு உள்ளே ஒன்றும் இல்லை என்றானால் தோட்டம் எங்களை உயிரோடு விடாது. பிள்ளைக்குச் சளி கட்டி ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தான் காரணம். எங்கள் முஸ்லிம் வீடுகளிலும் நாற்பது நாள் வெளியே விட மாட்டார்கள். என் உம்மா என்னை எப்படி அடைத்து வைத்தார் என்பது எனக்கு மறக்கவில்லை. அந்தக் கதவைத் திற என்று இன்னொரு பெண்ணிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அளக்காத பக்கத்தில் ஒரு மனித உயிர் படுத்திருக்கும்போது, அளவு வரும்வரை பொறுப்பதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. "நீ வயர விடு, டிரைவரக் கூப்பிடு" என்றேன்.

ராக்கம்மாவிடம் திரும்பினேன். "உள்ள இருக்கிறது பேய் இல்ல. அடுத்த பக்கத்து எருவிலயிருந்து வர்ற ஒண்ணு."

"எருவுல புகையே இல்லையே மிஸ்?"

"கண்ணுக்குத் தெரியாது. மணக்காது. சுவருக்கு மேலால வந்து இறங்கும். தூங்குற ஆளோட மூச்சுல ஏறி, மெல்ல மெல்லக் கொண்டு போயிடும்."

"அதத்தானே மிஸ் நானும் சொல்றேன்!"

 நான் அவர் கையைப் பிடித்தேன். "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றோம். அது உள்ளதான் இருக்கு. அது இருக்கிற எடத்துல புள்ளய வைக்கலாமா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். எழுந்து போய் உள்கதவின் முன் குனிந்து நின்றார். அதைத் திறக்க நெடுநேரம் எடுத்தார், அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. நான் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அது பயனில்லாத காரியம் என்று தெரிந்தும் பொத்தினேன்.

இருட்டு. கை தடவிச் சுவரில் பட்டது. காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைத்ததுபோல ஈரமும் சூடுமாக இருந்தது அந்தச் சுவர். அதோடு முதுகை ஒட்டிப் படுத்திருந்தாள் மருமகள் தர்ஷினி. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் பாதி திறந்தது. அவள் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, வெகுநாள் பழகியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள். "இன்னைக்கு ஏன் சுணங்கிட்டீங்க?"

கண் மறுபடி மூடிக்கொண்டது. பிள்ளையை வாரி எடுத்தேன். பிறந்த பிள்ளையைத் தூக்கினால் கை கால் கொஞ்சமாவது இழுக்கும். இது இழுக்கவில்லை. என் தலைக்குள்ளும் பட்டை போட்டு இறுக்குவதுபோல இருந்தது. எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. சுதாகரும் சாரதியும் பாயோடு அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். லயமே வாசலில் கூடிவிட்டது. யாரோ என்னை ஏசினார்கள், யாரோ குடை பிடித்தார்கள். நான் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். யா அல்லாஹ், அழு, அழு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மழைத்துளி ஒன்று அதன் நெற்றியில் விழுந்தது. முகம் சுருங்கியது, ஒரு முனகல், பிறகு வீரிட்டு ஓர் அழுகை. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாத்தளை வைத்தியசாலையில் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் நான் நினைத்தது சரி என்றார். அங்கிருக்கும்போதே சுதாகர் தொலைபேசியில் கூப்பிட்டான். குவியலின் மறுபக்கத்தில் ஒரு நீளக் கம்பியைக் குத்திப் பார்த்திருக்கிறான். "முதல்ல இறுக்கமா இருந்துச்சு மிஸ். பிறகு ஒண்ணுமே இல்ல. கம்பி சும்மா போகுது. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி."  குவியலைக் கிண்ட வேண்டாம், கிண்டினால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும், லயத்து ஆட்களை எல்லாம் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் பவுசர் வண்டியைக் கூப்பிடு என்றேன். சொன்னபடி செய்தான்.

தண்ணீர் விட்டு ஆற்றி, பிறகு உடைத்தார்கள். வெளியே பார்க்க முழுக் குவியல், உள்ளே வெறும் குகை. சுவரோரமாக ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவுக்கு எரிந்து போயிருந்தது. அடியில் வெள்ளைச் சாம்பல், அதற்கும் அடியில் இன்னும் அணையாத சிவப்பு. தண்ணீர் படும்வரை கதவுப் பக்கத்துச் சென்சர்கள் அதே அழகான கோட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தன. அவை ஒன்றும் பிழை செய்யவில்லை. அவை இருந்த இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு சென்சரை வைக்கும்போது, எது உங்களுக்குப் பயம் தருகிறதோ அதற்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த இடம் எப்போதும் வசதியில்லாத இடமாகத்தான் இருக்கும். இருட்டாக இருக்கும், ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும், வயர் எட்டாது. எட்டாவிட்டால் பெட்டியை நகர்த்துங்கள், வேறு வயர் கேட்டுச் சண்டை போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் வரைபடத்தின் கீழே, இந்தப் பக்கம் அளக்கவில்லை என்று பெரிதாக எழுதுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள். சுதாகர் இப்போது அப்படித்தான் செய்கிறான். கொஞ்சம் அளவுக்கு மீறியே செய்கிறான், அவன் செலவுக் கணக்கைப் பார்த்து மேலே இருப்பவர்கள் அலறுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை நான் அறிக்கையில் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சில நாள் கழித்து வைத்தியசாலைக்குப் போனேன். தர்ஷினி எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி அடைத்த அறைக்குள் இத்தனை நாள் இரண்டு பேரும் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்றுதான் விளங்கவில்லை என்றார் வைத்தியர். எங்கேயாவது காற்று வந்திருக்கும் என்றேன். திரும்பும்போது ராக்கம்மா நடைவழியில் என் பின்னாலேயே வந்தார்.

"மிஸ், அது அந்த எருவுக் காத்துதானே? பேய் இல்லையே?"

"இல்ல."

"நான் தெனமும் பொழுது சாய உள்கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். விடியப் பாத்தா விரியத் தொறந்து கெடக்கும்."

எனக்கு உடனே விளங்கியது. வைத்தியர் தேடிய காற்று அதுதான். "அது உங்க மருமகதான்" என்றேன், எல்லாம் தெரிந்தவளாக. "அந்தக் காத்து ஏறினா அப்படித்தான். எழும்பி நடப்பாங்க, கதவத் தொறப்பாங்க, ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அவ தொறந்ததாலதான் ரெண்டு பேரும் பொழைச்சாங்க."

ராக்கம்மா தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மிஸ். அவ எழும்பி எங்கயும் போயிடக் கூடாதுன்னு நான்தானே வெளியில போட்டேன். நீங்க வந்ததுக்கு மொத நாள் பொழுது சாய, பயத்துல தாழ்ப்பாளுக்கு மேல தும்புக் கயிறும் போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். விடிஞ்சு பாத்தா கதவு தொறக்கல." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கயிறு மட்டும் நார் நாராப் பிஞ்சு தொங்கிச்சு மிஸ். அதுக்கு முடிச்சு அவுக்கத் தெரியல போல. அதப் பாத்து நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இன்னொரு கயிறு எடுத்தாந்து கட்டினேன்."